எட்டு நாள் வெயிலில் கிடந்த படகு

அந்த மடத்துக்குப் போக வேறு வழி கிடையாது, படகுதான். காயலுக்கு இந்தப் பக்கம் பஸ் நிற்கும் துறை. அந்தப் பக்கம், அலையாத்திக் காட்டை ஒட்டிய மேட்டில் மடம். மடம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு ஓட்டு வீடு, ஒரு கிணறு, ஒரு சமையல் கொட்டகை, ஏழு பேர்.

குருவாக இருந்தவருக்கு நாற்பத்திரண்டு வயது. ஊர்க்காரர்கள் மடத்தம்மா என்பார்கள். சீடர்களில் மூத்தவர் சபாநடேசன். வயது அறுபத்தைந்து, ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். தன்னைவிட இருபத்து மூன்று வயது சின்னவரைக் குருவாக ஏற்றுக்கொண்டதில் அவருக்குச் சங்கடம் ஏதும் இல்லை. மடத்தம்மாவுக்குத்தான் இருந்தது. அதனால் அவரை 'சார்' என்றே கூப்பிடுவார்.

மடத்தில் ஆளுக்கு ஒரு வேலை உண்டு. சாருக்குப் படகு.

அது அயனி மரப் பலகையில் செய்த பழைய படகு. பலகையும் பலகையும் சேரும் மூட்டு வழியாகக் கசிந்து அடியில் தண்ணீர் சேரும். காலையில் யாரும் ஏறுவதற்கு முன்னால் மிதிபலகையைத் தூக்கிப் பார்த்து, பிளாஸ்டிக் குழாயில் செய்த கைப்பம்பால் அதை இறைத்துவிட வேண்டும். இறைத்து முடித்ததும் எத்தனை இழுப்பு என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் ஆள் ஏறலாம். விடிந்த பிறகும் தூங்குகிறவரைக்கூட எழுப்பாத மடத்தில், கறாரான விதி என்று இருந்தது இது ஒன்றுதான்.

"எத்தனை சார்?"

"முப்பத்தெட்டும்மா."

"சரி, ஏறுங்க."

முப்பத்தெட்டு என்றாலும் எண்பது என்றாலும் மடத்தம்மா முகத்தில் ஒரு மாறுதலும் இருக்காது. ஆனால் சபாநடேசனுக்கு அந்த எண்ணை வாய்விட்டுச் சொல்வது கூச்சமாக இருந்தது. தன் வீட்டு அழுக்கைத் தெருவில் பிரித்துக் காட்டுவது போல உணர்ந்தார். ஆறு மாதம் கழித்து எண்ணைக் குறைத்துச் சொல்லத் தொடங்கினார். அறுபது இழுத்துவிட்டு முப்பது என்பார். அது பொய் என்று அவருக்குப் படவே இல்லை. காலை வேளையில் எதற்கு ஒருவரைக் கவலைப்பட வைக்க வேண்டும் என்றுதான் நினைத்தார். வாழ்நாள் முழுக்க அவர் அப்படித்தான்.

ஒருநாள் கேட்டார்.

"எவ்வளவு இறைச்சாலும் மறுநாள் வந்துடுதும்மா. ஒரு சொட்டுக்கூட இல்லாம இந்தப் படகு எப்ப இருக்கும்?"

"கரையில கிடந்தா இருக்கும் சார்."

மடத்தம்மா சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சார் சிரிக்காமல் கேட்டுக்கொண்டார்.

தை மாதக் கடைசியில் சபாநடேசனின் மகளிடமிருந்து செல்போனில் ஒரு செய்தி வந்தது. ஐந்து வருடத்தில் அதுதான் முதல் செய்தி.

"அடுத்த மாசம் குடும்பத்தோட நியூசிலாந்து போறோம். இனிமே இந்தப் பக்கம் வர்றது கஷ்டம். இருபதாம் தேதி காலைல வந்து பார்த்துட்டு நாலு மணி பஸ்ல திரும்பிடுவேன்."

அவர் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். சமையல் கொட்டகையில் அரிசி களைந்துகொண்டிருந்தவரிடம்கூடக் கொண்டுபோய்க் காட்டினார். எழுத்து சின்னதாக இருக்கிறது என்று அவர் சொன்னதும், தானே உரக்க வாசித்தார்.

மகள் பெயர் தமயந்தி. மஸ்கட்டில் நர்ஸ். அவள் அம்மா அம்சவேணி ஐந்து வருடத்துக்கு முன்னால் வயிற்றில் புற்று வைத்து இறந்துபோனாள். கட்டி என்று தெரிந்ததிலிருந்து நாலே மாதம். அந்த நாலு மாதமும் தமயந்தி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்தாள். நாலு மாதமும் சபாநடேசன் "எல்லாரும் நல்லா இருக்கோம்மா" என்றார். அம்மா எங்கே என்றால் கோயிலுக்குப் போயிருக்கிறாள், தூங்குகிறாள், தொண்டை கட்டிக்கொண்டது என்று வாரத்துக்கு ஒன்று சொன்னார். அவள் விமானம் பிடித்து வந்து இறங்கியபோது வீட்டில் அம்மாவின் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள்.

"ஏன்பா சொல்லலை?" என்று அன்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"உங்கம்மாதான் சொல்ல வேணாம்னுட்டா" என்றார் அவர்.

அதன் பிறகு அவள் பேசவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் கிளம்பிப் போனவள்தான்.

இப்போது வருகிறாள், அரை நாளுக்கு. அந்த அரை நாளில் அவள் முகம் கொடுத்து நாலு வார்த்தை பேசிவிட்டால் மிச்சக் காலத்தை ஓட்டிவிடலாம். பேசாமலே திரும்பிப் போய்விட்டால், கடல் கடந்து போகிறவளை இனி எங்கே போய்ப் பிடிப்பது? சபாநடேசனுக்கு வேறு எந்தக் கவலையும் இல்லை, இது ஒன்றுதான்.

பன்னிரண்டாம் தேதி எல்லாரும் ஒரு குருபூசைக்காக வேறு ஊருக்குக் கிளம்பினார்கள். மடத்துக்குக் காவலாகச் சாரை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள். இருபதாம் தேதி காலையில் தான் மட்டும் முதலில் வந்துவிடுவதாகவும் மற்றவர்கள் மறுநாள் மாலை வருவார்கள் என்றும் மடத்தம்மா சொன்னார். சார் அவர்களைப் படகில் கொண்டுவந்து துறையில் இறக்கிவிட்டார். பஸ் கிளம்பியது. அவர் மடத்துக்குத் திரும்பவில்லை.

துறையில் மீன்பிடிக்கும் ஆட்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். எல்லாரும் ஃபைபர் படகு ஓட்டுகிறவர்கள்.

"ஒரு கை குடுங்கப்பா, படகை மேல ஏத்தணும்" என்றார் சார்.

"எதுக்கு சார்?"

"பொண்ணு வருது. நல்லாக் காயவச்சுப் பெயிண்ட் அடிக்கலாம்னு."

நல்ல காரியம்தானே என்று நாலு பேர் சேர்ந்து இழுத்து மணலில் ஏற்றிக் கவிழ்த்துவிட்டார்கள். அன்றிலிருந்து எட்டு நாள் அவர் துறைக் கொட்டகையிலேயே கிடந்தார். மடத்தைக் காவல் காக்கச் சொன்னால் மனிதர் படகைக் காவல் காத்தார். மாசி வெயில் சுள்ளென்று அடித்தது. பாசியைச் சுரண்டினார், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார், தெரிந்த கீறலில் எல்லாம் மக்குப் பசை அடைத்தார், மேலே இரண்டு கை நீலப் பெயிண்ட் அடித்தார். கடைசி நாள் நிமிர்த்தி வைத்து, மிதிபலகையைத் தூக்கி அடிக்கட்டையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சூடாக இருந்தது. ஈரம் என்பதே இல்லை. இத்தனை சந்தோஷம் அவருக்கு வந்து வெகு நாளாகியிருந்தது.

இருபதாம் தேதி காலை ஒன்பதரை மணி பஸ்ஸில் மடத்தம்மாவும் தமயந்தியும் இறங்கினார்கள். வழியெல்லாம் அடுத்தடுத்த சீட்டில் உட்கார்ந்து வந்திருந்தும் பக்கத்தில் இருப்பது யார் என்று இருவருக்கும் தெரியவில்லை. சார் ஓடி வந்ததைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

"வாம்மா பாப்பா."

"ம்."

அவ்வளவுதான் பேச்சு. தமயந்தி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு காயலைப் பார்த்தபடி நின்றாள். முப்பத்திரண்டு வயதில் நெற்றி ஓரத்தில் இரண்டு நரை ஓடியிருந்தது.

மடத்தம்மா படகைச் சுற்றி வந்தார். ஒரு மூட்டின் மேல் கட்டைவிரல் நகத்தை வைத்து லேசாக அழுத்தினார். பெயிண்ட் உடைந்து நகம் உள்ளே போனது.

"எத்தனை நாளா வெளியில கிடக்கு சார்?"

"எட்டு நாளும்மா. நல்ல வெயில்."

மடத்தம்மா அவரைப் பார்த்தார். பிறகு தமயந்தியைப் பார்த்தார். பெயிண்ட் டப்பா இரண்டு காலியாக மணலில் கிடந்தன. அவற்றை எடுத்து மணலைத் தட்டிப் படகுக்குள் போட்டார்.

"இது எதுக்கும்மா? குப்பை" என்றார் சார்.

"கிடக்கட்டும். பம்பு இருக்கா?"

"இருக்கும்மா. இன்னிக்கு அதுக்கு வேலை இல்லை."

"எத்தனை சார்?"

"ஒண்ணுகூட இல்லம்மா. சுக்காக் காஞ்சு கிடக்கு."

அதை அவர் மகள் பக்கம் திரும்பிக்கொண்டு, துறையே கேட்கும்படி சொன்னார். மகள் கேட்ட மாதிரி தெரியவில்லை.

மீன்காரர்கள் படகைத் தண்ணீரில் தள்ளிவிட்டார்கள். தமயந்தி நடுவில் உட்கார்ந்து பையைக் காலடியில் வைத்தாள். அவளுக்கு எதிரே சார் உட்கார்ந்தார். மடத்தம்மா பின்னால் நின்று மூங்கில் கழியை ஊன்றினார்.

"மாப்பிள்ளை எப்படிம்மா இருக்கார்?"

"இருக்கார்."

"பேரப் பையன்?"

"ஸ்கூல் போறான்."

"எல்லாரும் நல்லா இருக்கீங்கல்ல?"

அவள் செல்போனை எடுத்து மணி பார்த்தாள்.

"இந்தப் படகு நானே பெயிண்ட் அடிச்சது" என்றார்.

"நல்லா இருக்கு."

அதற்கு மேல் என்ன பேசுவது என்று தேடிக்கொண்டே அவர் குனிந்தபோது, மிதிபலகை இடுக்கில் ஏதோ பளபளத்தது. தண்ணீர். அவர் வலது காலை நகர்த்தி அந்த இடுக்கின் மேல் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அடுத்த இடுக்கிலும் தெரிந்தது. இடது காலையும் நகர்த்தினார். ஆனால் மனிதருக்கு இரண்டு கால்தானே உண்டு.

"பையெல்லாம் ஈரமா இருக்கு. தண்ணி வருதாப்பா?" என்றாள் தமயந்தி.

"ஒண்ணுமில்லம்மா. கழியிலேர்ந்து சொட்டியிருக்கும்."

அவள் நிமிர்ந்தாள்.

"என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுமில்ல பாப்பா, நீ பையைத் தூக்கி மடியில..."

"அந்த வார்த்தையைச் சொல்லாதீங்க. இனிமே என்கிட்ட ஒண்ணுமில்லன்னு மட்டும் சொல்லாதீங்கப்பா. காலை எடுங்க."

அவர் எடுக்கவில்லை. அவள் குனிந்து அவர் காலை விலக்கிவிட்டு மிதிபலகையைப் பெயர்த்தாள். கீழே நாலு விரல் தண்ணீர் நின்றது. இரண்டு பக்கமும் மூட்டுக்கு மூட்டு வரிசையாகக் கசிந்துகொண்டிருந்தது. நீலப் பெயிண்ட் உரிந்து செதில் செதிலாக மிதந்தது.

அவள் பயந்துபோய் மடத்தம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏன் இப்படி வருது?"

"எட்டு நாள் வெயில்ல பலகை சுருங்கிடுச்சு. தண்ணி குடிச்சா மறுபடி பருத்து அடைச்சுக்கும்."

"எவ்ளோ நேரம் ஆகும்?"

"அது குடிக்கிற வரைக்கும். நாம இறைச்சிட்டே இருந்தாப் போதும்."

மடத்தம்மா ஒரு டப்பாவை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"சார், பம்பை எடுங்க. சத்தமா எண்ணுங்க."

இந்தக் காயலின் நடுவில் ஆழம் இரண்டு ஆள் இருக்கும். மடத்தம்மா அன்று நடுவில் போகவே இல்லை. வடக்கே சுற்றிக்கொண்டு, இறங்கி நின்றால் இடுப்பளவுதான் என்கிற மேட்டு வழியில் கழி ஊன்றினார். அப்பாவுக்கும் மகளுக்கும் இதையெல்லாம் கவனிக்க நேரம் இல்லை.

"ஒண்ணு, ரெண்டு, மூணு..."

அவர் பம்பை இழுத்தார். அவள் டப்பாவால் மொண்டு வெளியே வீசினாள். தண்ணீர் குறைகிற வழியாகத் தெரியவில்லை.

"நாப்பது, நாப்பத்தொண்ணு..."

"அன்னிக்கும் இப்படித்தானே பண்ணீங்க?" என்றாள் தமயந்தி, மொண்டுகொண்டே. "காலை வச்சு மறைச்சுக்கிட்டு. நான் நர்ஸுப்பா. ஊரான் வீட்டு அம்மாவுக்கெல்லாம் ராத்திரி பகலாப் பார்த்தேன். என் அம்மா கிடக்கிறது எனக்குத் தெரியாது."

"நாப்பத்தஞ்சு."

"எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு? தேதி சொல்லுங்க."

"நாப்பத்தாறு. பிப்ரவரி மூணாம் தேதி."

"அன்னைக்கு ஞாயித்துக்கிழமை. நான் பேசினேன்."

"ஆமா. டாக்டர் வீட்டு வாசல்ல நின்னுதான் உன்கிட்டப் பேசினேன்."

அவள் வீசிய தண்ணீர் பாதி அவர் மேலேயே விழுந்தது. வேண்டுமென்று வீசினாளா, கை தவறியதா என்று சொல்ல முடியாது. அவர் முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை.

"சார், எண்ணிக்கை" என்றார் மடத்தம்மா.

"அம்பது. அம்பத்தொண்ணு."

நூறு தாண்டியது. தோள்பட்டை விட்டுப்போகிற மாதிரி வலித்தது அவருக்கு. நூற்றுப் பதினாலு என்று சொன்னவர் நிறுத்திவிட்டார்.

"பாப்பா."

"இறைங்க."

"நான் அன்னிக்கு உன்கிட்டச் சொன்னது பொய்."

"எது?"

"உங்கம்மா சொல்ல வேணாம்னு சொன்னான்னேனே, அது. முதல் மூணு மாசம் அவளும் வேணாம்னுதான் சொன்னா. கடைசி மாசம் அப்படி இல்லை. உன்னைக் கூப்பிடச் சொன்னா. ரெண்டு தடவை சொன்னா. நான்தான் அடுத்த வாரம், அடுத்த வாரம்னு..."

டப்பா அவள் கையிலேயே நின்றுவிட்டது.

"ஏன்?"

"உன் வேலை கெட்டுடும்னு அவகிட்டச் சொன்னேன். அதுவும் பொய்தான். மூணு மாசமா உன்கிட்ட நல்லா இருக்கோம்னு சொல்லிட்டேன். நீ வந்து நின்னா அத்தனையும் தெரிஞ்சு போயிடும்னு பயந்தேன். வேற ஒரு காரணமும் இல்லை."

மடத்தம்மா கழியைச் சேற்றில் ஆழமாக ஊன்றிப் படகை அதில் கட்டினார். இன்னொரு டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, பேசாமல் இறைக்கத் தொடங்கினார்.

தண்ணீர் தமயந்தியின் கணுக்காலுக்கு மேல் ஏறி, பிறகு மெல்ல இறங்கியது.

"அம்மா என்னைக் கேட்டாங்களா?" என்றாள்.

"கேட்டா."

"என்ன சொல்லிக் கேட்டாங்க? அப்படியே சொல்லுங்க. மாத்தாதீங்க."

சபாநடேசன் கண்ணை மூடிக்கொண்டார்.

"'அவளை வரச் சொல்லுங்க. அவ போட்டா ஊசி வலிக்காது'ன்னா."

தமயந்தி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். அடக்கி வைத்து அழுகிற அழுகை இல்லை. எதிர்க்கரையில் வலை உலர்த்துகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு வாய்விட்டு அழுதாள். அழுது ஓய்ந்து துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தபோது, எப்படியோ கொஞ்சம் சிரிப்பும் வந்தது.

"நான் ட்ரெயினிங் படிக்கிறப்போ அம்மா கையிலதான் குத்திக் குத்திப் பழகினேன்" என்றாள். "எவ்ளோ வலிச்சாலும் வலிக்கலைன்னு சொல்லுவாங்க."

"ஆமா."

"அஞ்சு வருஷமா நான் என்ன நினைச்சிட்டு இருந்தேன் தெரியுமாப்பா? சாகப்போற நேரத்துலகூட அம்மாவுக்கு என்னைப் பார்க்கத் தோணலை, என்னை வேணாம்னுட்டாங்கன்னு. உங்க மேல இருந்தது கோவம்தான். அது ஒரு பக்கம் கிடக்கட்டும். இதுதான் என்னைத் தின்னுச்சு."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். தான் ஒளித்து வைத்ததில் தன் குற்றம் மட்டும்தான் இருக்கிறது என்று இத்தனை காலம் நம்பியிருந்தார். அவளுக்குச் சேர வேண்டிய ஒன்றும் அதற்குள்ளேயே கிடந்தது அவருக்குத் தெரியாது.

"நீ என்னை மன்னிக்கணும்னு நான் கேக்கலை பாப்பா."

"அதை அப்புறம் பார்க்கலாம். நூத்துப் பதினாலுல நிக்குது, எண்ணுங்க."

மடத்தம்மா எழுந்து போய்க் கழியைப் பிடுங்கினார்.

மடத்து மேட்டில் போய் இடித்தபோது கணக்கு அறுநூறைத் தாண்டியிருந்தது. கசிவு நின்றபாடில்லை, ஆனால் வேகம் குறைந்திருந்தது. படகை மேலே இழுத்துவிடலாமா என்று சார் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு மடத்தம்மா அதை முழங்கால் அளவுத் தண்ணீரில் கட்டி, பலகை ஊறட்டும் என்று உள்ளேயும் தண்ணீரை நிரப்பிவிட்டார்.

"நாளைக் காலையில சரியாயிடும்."

"பாப்பா நாலு மணி பஸ்ஸுக்குப் போகணுமே" என்றார் சார். "போன் பண்ணா ஃபைபர் போட் வந்துடும். கூப்பிடவாம்மா?"

தமயந்தி மடத்தம்மா கொடுத்த பழஞ்சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். நார்த்தங்காய் ஊறுகாயை எடுக்கக் கையை நீட்டியவள் வலியில் முகம் சுளித்தாள்.

"என்னால கையைத் தூக்க முடியலை. நாளைக்குப் போறேன்" என்றாள்.

சாப்பிட்டுவிட்டு வீட்டுக்காரருக்குப் போன் செய்தாள். பிறகு புங்கமர நிழலில் அப்பாவை உட்காரவைத்து, பிப்ரவரி மூன்றாம் தேதியிலிருந்து ஒவ்வொரு நாளாகக் கேட்டாள். எந்த டாக்டர், என்ன மருந்து, அம்மா என்ன சாப்பிட்டாள், எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாள். நினைவில்லை என்றால் விடவில்லை, யோசித்துச் சொல்லச் சொன்னாள். அவருக்கு நினைவு வந்தது. வெயில் சாயும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். நடுநடுவே இருவரும் அழுதார்கள், நடுவில் ஒருமுறை டீ குடித்தார்கள். அம்சவேணி ஆஸ்பத்திரிக் கஞ்சியைத் திட்டியதைச் சொன்னபோது இருவரும் சேர்ந்து சிரித்தார்கள்.

மறுநாள் காலை படகைக் காலி செய்து பார்த்தார்கள். பலகைகள் ஊறிப் பருத்து ஒன்றை ஒன்று இறுக்கிக்கொண்டிருந்தன. கரை சேரும்வரை உள்ளே இரண்டு டம்ளர் தண்ணீர் வந்திருந்தால் அதிகம்.

துறையில் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. தமயந்தி ஜன்னலோரம் உட்கார்ந்து, கம்பி வழியாக அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழமை கூப்பிடுறேன்."

"நியூசிலாந்துலேர்ந்தா?"

"எங்கேர்ந்தோ கூப்பிடுறேன். நல்லா இருக்கேன்னு மட்டும் ஆரம்பிக்காதீங்க. என்ன சாப்பிட்டீங்க, எங்க வலிக்குது, அதைச் சொல்லுங்க."

அவர் கொஞ்சம் யோசித்தார்.

"முழங்கால் வலிக்குது பாப்பா."

"எந்தக் காலு?"

"ரெண்டும். ஒரு வருஷமா."

"ஒரு வருஷமா? டாக்டரைப் பார்த்தீங்களா?"

"இல்லை."

பஸ் நகர்ந்தது. அவள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, எந்த டாக்டரைப் பார்க்க வேண்டும், என்ன தைலம் தடவ வேண்டும் என்று கத்திக்கொண்டே போனாள். பாதிதான் அவர் காதில் விழுந்தது. அது போதும் என்று தலையை ஆட்டிக்கொண்டே நின்றார்.

படகு திரும்பியது. மடத்தம்மா கழி ஊன்றினார். பாதி வழியில் சபாநடேசன் மிதிபலகையைத் தூக்கிப் பார்த்து மூடினார்.

"அம்மா, நேத்து துறையில படகைப் பார்த்தப்பவே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றார்.

"தெரிஞ்சுது சார்."

"அப்ப, நான் அவகிட்டச் செஞ்ச மாதிரிதானே நீங்களும் தெரிஞ்சுக்கிட்டே சொல்லாம விட்டீங்க?"

"டப்பா ரெண்டு எடுத்து உள்ள போட்டேனே சார். உங்க கண்ணு முன்னாலதான் போட்டேன்."

சார் காலடியில் கிடந்த டப்பாவைப் பார்த்தார்.

"இருந்தாலும், வாயைத் திறந்து ஒரு வார்த்தை கரையிலயே சொல்லியிருக்கலாம்மா. புள்ளை பாவம், அழுது, நனைஞ்சு, கை வலிச்சு..."

மடத்தம்மா கழியை இழுத்து அடுத்த இடத்தில் ஊன்றினார்.

"சொல்லியிருந்தா ஃபைபர் போட்டுல கூட்டிட்டு வந்திருப்பீங்க சார். கால் நனையாம வந்து, கால் நனையாம போயிருப்பா."